மெயில் வந்துவிட்டது, மணி ஏன் அடிக்கவில்லை?

கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஜூனும் ஜூலையும் எப்படிக் கழியும் என்று புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழில் குறை இருக்கிறது, இந்தத் தேதிக்குள் சரிசெய்யுங்கள் என்று ஒரு மெயில் வரும். வந்தது வந்தபடியே கிடக்கும். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் தேதி முடிந்திருக்கும். "கம்ப்யூட்டர் ஆன்லதான் இருந்துச்சு, ஒரு சத்தம்கூட வரலையே" என்பார்கள். பொய்யில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெயிலைக் கவனிக்க வேண்டிய ஆப்தான் மூடிக்கிடந்தது.

மெயில் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. எங்கோ இருக்கும் சர்வரில் வந்து தங்குகிறது. வந்திருக்கிறது என்று நமக்குச் சொல்ல, நம் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று விழித்திருக்க வேண்டும். பழைய 'பாப்' முறையில், மெயில் ஆப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரிடம் போய் "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பும். 'ஐமேப்' முறையில் 1997-இல் 'ஐடில்' என்றொரு வசதி சேர்ந்தது. அதில் ஆப், சர்வரோடு உள்ள தொடர்பை அறுக்காமல் காத்திருக்கும். மெயில் விழுந்தவுடன் சர்வரே சொல்லிவிடும். இரண்டுக்கும் ஆப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிவிட்டால் கேட்கவும் ஆளில்லை, சொன்னால் வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை.

அப்படியானால் கைபேசியில் மட்டும் எப்படி மணி அடிக்கிறது? ஆண்ட்ராய்டு போனில் கூகுளும் ஐபோனில் ஆப்பிளும், எல்லா ஆப்களுக்கும் பொதுவாக ஒரு தொடர்பை எப்போதும் திறந்தே வைத்திருக்கின்றன. தூங்கும் ஆப்பை அந்த வழியாக எழுப்பிவிட முடியும். கம்ப்யூட்டரில் பெரும்பாலான மெயில் நிரல்கள் இப்படி வளரவில்லை. "முன்னாடி வந்துட்டுதானே இருந்துச்சு" என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10-உடன் வந்த மெயில் ஆப், மூடியிருந்தாலும் பின்னணியில் மெயிலை எடுத்து அறிவிப்புக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

கம்ப்யூட்டருக்கு வந்த செய்தி, கம்ப்யூட்டர் முன்னால் இல்லாதவரை எப்படிச் சேரும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்த்த மண் இது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் உதவியோடு வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்து 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்தில் திரட்டிய செய்திகள் வி.எச்.எஃப். ரேடியோ வழியாகக் கிராமத்து மையங்களுக்குப் போயின. மின்சாரம் நின்றாலும் மையம் நிற்காதிருக்கச் சூரியத் தகடுகள் வைத்தார்கள். பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 1954 அக்டோபர் 18-இல் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்களே, அந்தக் கீழூரிலும் ஒரு மையம் இருந்தது.

கம்ப்யூட்டரில் தகவல் இருந்தால் மட்டும் போதாது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வயலில் நிற்பவரும் வலை உலர்த்துபவரும் திரை முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் அச்சிட்டார்கள். இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கம்ப்யூட்டர் அல்ல, ஒலிபெருக்கிதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலோரக் கிராமமான நல்லவாடைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்குப் போன் செய்தார். செய்தி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமே! அங்கிருந்த தகவல் கிராமத் திட்ட மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய், கடல் நிலவரம் சொல்லும் அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. அந்த ஊரின் 3,600-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.

இனி நம் மேசைக்கு வருவோம். ஜிமெயிலைப் பிரவுசரில் பார்ப்பவர்கள், அதன் அமைப்புகளில் 'புதிய மெயில் அறிவிப்பு' என்பதை ஆன் செய்து, பிரவுசர் அனுமதி கேட்டால் சம்மதம் கொடுக்க வேண்டும். அதோடு ஜிமெயில் டேப் திறந்தே இருக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். டேபைப் பின் செய்து ஓரத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் வலது மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தாதீர்கள். அது ஆப்பையே நிறுத்திவிடும். மினிமைஸ் மட்டும் செய்யுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மெயில் ஆப் தானாக எழுந்துகொள்ள, அதை விண்டோஸின் ஸ்டார்ட்அப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்து சத்தம் வரவில்லையென்றால், விண்டோஸின் அறிவிப்பு அமைப்பில் 'தொந்தரவு செய்யாதே' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டாலும் அறிவிப்பை நம்ப முடியாது. அவசர மெயிலை எதிர்பார்க்கும் நாட்களில், அதே கணக்கைக் கைபேசியிலும் போட்டுவைப்பதுதான் என் யோசனை. ஜிமெயிலை மூடியிருந்தாலும் அறிவிப்புத் தரும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. ஆனால் அவை உங்கள் மெயிலைப் படிக்க அனுமதி கேட்கும். யார் தயாரித்தது என்று தெரியாத எதற்கும் அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரிலோ பொதுச் சேவை மையத்திலோ மெயில் பார்ப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான யோசனை. அங்கே அறிவிப்பை ஆன் செய்யவே செய்யாதீர்கள். நீங்கள் எழுந்து போன பிறகு வரும் மெயிலின் தலைப்பும் முதல் வரியும் திரை ஓரத்தில் தோன்றும். அது வங்கியின் ஓ.டி.பி.யாகக்கூட இருக்கலாம். வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். நீங்கள் வழக்கமாக எப்படி விட்டுவிட்டுப் போவீர்களோ அப்படியே கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, வீட்டில் இன்னொருவரின் போனிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். சத்தம் கேட்கிறதா பாருங்கள். கலந்தாய்வு தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.