பேனல் நம்முடையது, உள்ளே இருப்பது?

மேட்டூர் என்றால் அணை நினைவுக்கு வரும், அனல் மின்நிலையம் நினைவுக்கு வரும். 1980களில் அங்கே பாலிசிலிக்கான் தயாரித்தார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ஏ.ஆர்.வாசுதேவமூர்த்தி உருவாக்கிய செய்முறையை வாங்கி, மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் அங்கே ஆலை நடத்தியது. அளவில் சிறியதுதான். ஆனால் சோலார் தொழிலின் அடிவேரே பாலிசிலிக்கான். அதை உருக்கி இங்காட் வார்த்து, மெல்லிய வேஃபர்களாக அறுத்து, வேஃபரைச் செல்லாக்கி, செல்களைக் கோத்துக் கண்ணாடிக்குள் அடைத்தால்தான் மாடியில் நாம் பார்க்கும் பேனல்.

அதே காலத்தில் மத்திய அரசு, அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கிப் பெரிய ஆலை அமைக்க யோசித்தது. உள்நாட்டில் செய்து காட்டிய பிறகு வெளியில் வாங்குவானேன் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் அந்தப் பெரிய ஆலையும் வரவில்லை. மேட்டூர் முயற்சியும் நாட்டுக்குப் போதுமான அளவுக்கு வளரவில்லை.

அடுத்த பெரிய அடி 2010-இல்தான். தேசிய சூரிய சக்தித் திட்டம் பிறந்தது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது அப்போதைய இலக்கு. 2015-இல் அதை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். மின்சாரம் வாங்கும் வழி ஏலம்: யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம். 2010 கடைசியில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு யூனிட் 10.95 ரூபாய்க்கு இறங்கியபோதே வாய் பிளந்தார்கள். 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99. மின்சாரம் வாங்குபவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. செல் செய்கிறவருக்கு?

உள்நாட்டு ஆலைகளைக் காக்க அந்தத் திட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. பேனல் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும்; அடுத்த சுற்றில் செல்லும் அப்படியே. ஆனால் இந்தக் கட்டாயம் சிலிக்கான் பேனல்களுக்கு மட்டும். சிலிக்கான் இல்லாத மென்படலப் பேனலுக்கு விலக்கு. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் அந்த மென்படலத்தில்தான் ராஜா. அதை வாங்குவோருக்கு அமெரிக்க எக்சிம் வங்கி குறைந்த வட்டியில் கடனும் கொடுத்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பேனல்கள் பளபளத்தன; உள்ளூர் செல் ஆலைகள் பல ஆர்டர் இல்லாமல் கிடந்தன. ஓட்டையுள்ள அந்த விதிகூட நிலைக்கவில்லை. 2013-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2016-இல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. (அதே ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை திறந்து, இன்று இங்கேயே மென்படலப் பேனல் செய்கிறது.)

பிறகு அரசு வேறு ஆயுதங்களை எடுத்தது. 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்கவரி, செல்லுக்கு 25 என்று விதித்தது. உற்பத்தி செய்வோருக்கு ஊக்கத்தொகை. அதோடு, அரசு அங்கீகரித்த மாடல்களின் பட்டியல் ஒன்று. அதில் இல்லாத பேனல் அரசுத் திட்டங்களுக்குள் நுழைய முடியாது. இவை வேலை செய்தன என்பதை மறுப்பதற்கில்லை. 2025 தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பட்டியலிலுள்ள பேனல் ஆலைகளின் திறனும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் செல்லும் பேனலும் சேர்த்தே செய்கிறது.

ஆனால் படியிறங்கிப் பார்த்தால் கணக்கு சுருங்குகிறது. 2025 மார்ச்சில் பேனல் திறன் சுமார் 74,000 மெகாவாட், செல் 25,000, இங்காட்டும் வேஃபரும் வெறும் 2,000. உலகின் வேஃபரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பாதுகாப்பு எங்கே இருந்ததோ அங்கே முதலீடு குவிந்தது. பேனல் கோப்பது சுலபம், லாபமும் சீக்கிரம் வரும். பாலிசிலிக்கானுக்கு ஏராளமான மின்சாரமும் பொறுமையான பணமும் வேண்டும்.

என் குறை ஏலத்தின் மீதுதான். காசைப் பார்க்கும் ஏலம் புதுமையைப் பார்ப்பதில்லை. மும்பை ஐஐடியில் 2010-லேயே ஒளிமின்னழுத்த ஆராய்ச்சிக்கென்று தேசிய மையம் அமைந்துவிட்டது. அங்கே பிறக்கும் செல்லை முதல் நூறு மெகாவாட்டுக்கு யூனிட்டுக்குச் சில பைசா கூடுதலாகக் கொடுத்து வாங்க ஒரு ஏலம் வைத்தால் என்ன? ஊக்கத்தொகைத் திட்டம் பேனலின் மின்மாற்றுத் திறனுக்கும் மதிப்பளித்தது; நல்ல விஷயம். ஆனால் அந்தத் திறனைத் தரும் இயந்திரம் வெளியே வாங்கியது.

2026 ஜூன் முதல் செல்லுக்கும் அங்கீகாரப் பட்டியல் கட்டாயம் என்பது அரசின் முடிவு. அதற்காகப் புதிய செல் ஆலைகள் மளமளவென்று எழுகின்றன. அவற்றின் இயந்திரங்களில் பெரும்பகுதி சீனாவில் செய்தது. அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டச் சீனப் பொறியாளர்கள் வர வேண்டும். அவர்களுக்குச் சீக்கிரம் விசா கொடுங்கள் என்று டெல்லியிடம் மனுப் போட்டதும் இந்திய உற்பத்தியாளர்களே.