ஏற்புப் பகுதியில் விழுந்த விடை

காசநோய் என்றாலே சானடோரியத்தில் படுக்க வேண்டும், சத்தான சாப்பாடும் முழு ஓய்வும் வேண்டும் என்று உலகம் நம்பிய காலம். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்வியைச் சோதித்துப் பார்த்தது சென்னை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள். ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம்.

இந்த இடைவெளி மெய்யா, தற்செயலா?

இரண்டு சிகிச்சைக்கும் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதுவே இல் எடுகோள். அது உண்மையானால், இதே சோதனையைப் பலமுறை நடத்தினாலும் கிடைக்கும் வித்தியாசங்கள் பூஜ்யத்தைச் சுற்றி மணி வடிவில் குவியும். மணியின் இரு ஓரங்களிலும் இரண்டரை இரண்டரையாக 5 சதவீதப் பரப்பை நிழலிடுங்கள். அது நிராகரிப்புப் பகுதி. தீர்வுகட்டப் பகுதி என்றும் சொல்வார்கள். நடுவில் மிஞ்சுவது ஏற்புப் பகுதி. எல்லைக்கோடு, திட்டப்பிழையின் (தற்செயலால் மட்டும் வித்தியாசம் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) 1.96 மடங்கில். தரவு கைக்கு வருமுன்பே கோட்டைக் கிழித்துவிட வேண்டும். பிறகு நகர்த்தினால் சோதனைக்கே அர்த்தமில்லை. அந்த 5 சதவீதத்தை ஓரத்தில்தான் வைக்க வேண்டுமா? மெய்யான வேறுபாடு இருந்தால் அதைத் தவறவிடாத இடம் எது என்று தேர்ந்தெடுக்க 1933-இல் வழி சொன்னவர்கள் ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும்.

சேத்துப்பட்டு ஆய்வில் பிரிவுக்குச் சுமார் 80 பேர். வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தால் விடை 1-க்குச் சற்று மேலே நிற்கிறது, 1.96-ஐத் தொடவில்லை. ஏற்புப் பகுதி.

அப்படியானால் இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ‘ஏற்பு’ என்ற சொல் மாணவர்களைத் தடுமாற வைப்பது இங்கேதான். இல் எடுகோளை மறுக்கப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. வீட்டு சிகிச்சை உண்மையில் 15 சதவீதப் புள்ளி அளவுக்குப் பின்தங்கியிருக்கவும் இதே எண்கள் இடம் கொடுக்கின்றன. ‘நிராகரிக்காப் பகுதி’ என்றே பாடம் நடத்தலாம் என்பது என் கட்சி.

சேத்துப்பட்டு மருத்துவர்களும் அந்த ஒரு கணக்கோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை.