எரிவாயுப் பொறிக் கட்டுப்பாட்டு முறைமை

எரிவாயுப் பொறிக் கட்டுப்பாட்டு முறைமை என்பது, மின்னாக்கம் முதலிய தொழில்களில் பயன்படும் பெரிய எரிவாயுப் பொறிகளின் வேகம், எரிகலவை, எரிபற்றும் நேரம், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை உணரிகளால் இடைவிடாது அளந்து, அவ்வளவுகளுக்கு ஏற்பப் பொறியை இயக்கவும், தீங்கு நேரும் முன் அதை நிறுத்தவும் அமைந்த கருவிகளின் தொகுதி ஆகும். இயற்கை எரிவாயு, சாக்கடைக் கழிவில் இருந்து பெறப்படும் எரிவாயு, ஆலைக் கழிவுநீரில் இருந்து பெறப்படும் உயிரி எரிவாயு ஆகியவற்றால் ஓடும் பொறிகள் அனைத்திற்கும் இது தேவை. எனினும், தரம் மாறிக்கொண்டே இருக்கும் உயிரி எரிவாயுவில் ஓடும் பொறிக்கே இதன் பணி மிகக் கடினமானது.

கள்ளக்குறிச்சி வட்டாரமும் உயிரி எரிவாயுவும்

2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலும், அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையிலும் மரவள்ளி முக்கியமான பயிர்களுள் ஒன்று. குச்சிக்கிழங்கு என்று மக்கள் அழைக்கும் இக்கிழங்கு, சின்னசேலம், ஆத்தூர், சேலம் பகுதிகளில் உள்ள சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறுகிறது. இவ்வாலைகளின் விற்பனைக் கூட்டுறவான சேகோசர்வ் 1981 இல் சேலத்தில் தொடங்கப்பட்டது.

கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவைத்த பின் எஞ்சும் நீர் புளித்தது; கரிமப் பொருள் மிகுந்தது. அதை அப்படியே ஓடையில் விட்டால் நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் தீர்ந்து, நாற்றம் எழும். சேலத்தின் திருமணிமுத்தாறு கெட்டதற்கு, சாயப்பட்டறைகளோடு சேகோ ஆலைக் கழிவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவது. இதே நீரைக் காற்றுப்புகாத் தொட்டியில் நுண்ணுயிரிகளைக் கொண்டு செரிக்கவைத்தால் மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த எரிவாயு கிடைக்கும். இதில் மீத்தேன் பெரும்பாலும் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். 60 விழுக்காடு மீத்தேன் உள்ள ஒரு கன மீட்டர் வாயு, நல்ல பொறியில் ஏறத்தாழ 2 அலகு மின்சாரம் தரும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் நிலவிய கடும் மின்வெட்டு, இத்தகைய சொந்த மின்னாக்கத்தின் மதிப்பை ஆலைகளுக்கு உணர்த்தியது.

இவ்வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கை கொதிகலனில் எரிந்து நீராவியைத் தருகிறது. அங்கே எரிவாயுப் பொறிக்கு வேலை இல்லை. தமிழகத்தில் எரிவாயுப் பொறிகளைக் காண, சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏற்ற இடங்கள்.

வேகக் கட்டுப்பாடு

1876 இல் நிக்கலஸ் ஓட்டோ செய்துகாட்டிய நான்கடிப் பொறி பெட்ரோலில் அன்று, நிலக்கரி வாயுவில்தான் ஓடியது. ஆகவே எரிவாயுப் பொறியே இன்றைய காரின் பொறிக்கு மூத்தது எனலாம். வேகத்தைத் தானாகச் சீராக்கும் கருவி அதற்கும் முந்தியது. ஜேம்ஸ் வாட் தன் நீராவிப் பொறியில் 1788 இல் சுழலும் குண்டுகளைக் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். அக்கருவி சில வேளைகளில் வேகத்தைச் சீராக்குவதற்கு மாறாக ஊசலாடவைப்பது ஏன் என்பதை 1868 இல் மாக்சுவெல் கணித முறையில் ஆராய்ந்தார். கட்டுப்பாட்டியல் என்னும் துறைக்கு அக்கட்டுரை தொடக்கம் எனக் கருதப்படுகிறது.

இன்று குண்டுகள் இல்லை. பறக்கும் சக்கரத்தின் பற்களைக் காந்த உணரி எண்ணுகிறது. கணினி அதைக் குறித்த வேகத்துடன் ஒப்பிட்டு, கலவை செல்லும் குழாயில் உள்ள திராட்டில் தடுக்கிதழைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. 4 முனை மின்னாக்கி 50 எர்ட்சு மின்சாரம் தர வேண்டுமானால் பொறி நிமிடத்திற்கு 1500 முறை சுற்ற வேண்டும்.

பொறி தனித்து ஓடும்போது வேகத்தைக் காப்பது எளிதன்று. கிழங்கு அரைக்கும் பெரிய மோட்டார் ஒன்று திடீரெனத் தொடங்கினால் பொறியின் மேல் சுமை ஏறுகிறது. டீசல் பொறியில் எரிபொருள் உருளைக்குள் நேராகப் பீய்ச்சப்படுவதால் அது உடனே ஈடுகொடுக்கும். எரிவாயுப் பொறியிலோ வாயுவும் காற்றும் தொலைவிலேயே கலந்து, டர்போ அழுத்தியையும் குளிர்விப்பானையும் கடந்து உருளைக்கு வரவேண்டும். அந்தத் தாமதத்தில் வேகம் சரிந்துவிடும். எனவே மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுத் தொடங்கும்படி கட்டுப்பாட்டுக் கணினியே வரிசை வகுக்கிறது.

எரிகலவைக் கட்டுப்பாடு

முறைமையின் உயிர்நாடி இதுவே. ஒரு பங்கு மீத்தேன் முழுதும் எரிய ஏறத்தாழ 9.5 பங்கு காற்று வேண்டும். தற்காலப் பெரும் பொறிகள் இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் காற்றைச் சேர்த்து, மெலிந்த கலவையில் ஓடுகின்றன. கூடுதல் காற்று எரிதலின் வெப்பநிலையைத் தணிக்கிறது. அதனால் நைட்ரசன் ஆக்சைடுகள் குறைகின்றன. ஆனால் கலவை மேலும் மெலிந்தால் தீப் பற்றாது. செறிந்தால் வெப்பமும் நச்சுப்புகையும் கூடும். இவ்விரண்டிற்கும் இடையிலான வழி மிகக் குறுகலானது.

இங்கேதான் சேகோ ஆலையின் நிலைமை சிக்கலாகிறது. கிழங்கு வரத்து குறைந்தால் கழிவுநீர் குறையும். புளித்த நீர் ஒரேயடியாக மிகுதியாகச் சென்றால் தொட்டியின் அமிலத்தன்மை கூடி, மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகள் சோர்ந்துவிடும். காலையில் 62 விழுக்காடாக இருந்த மீத்தேன் மாலையில் 54 ஆகலாம். கிழங்கை மாவுப் பாயிண்ட் பார்த்து விலை பேசுவது போல, வாயுவையும் மீத்தேன் விழுக்காடு பார்த்தே பொறிக்குத் தரவேண்டும். வாயுப் பகுப்பாய்வுக் கருவி அதை அளக்கிறது. ஆயினும் அதன் விடை வரச் சிறிது நேரம் ஆகும். பொறி அதுவரை காத்திருக்காது.

ஆதலால் ஆசுத்திரியாவின் யென்பாக்கர் நிறுவனம் லீனாக்ஸ் என்னும் பெயரில் கையாளும் முறை சற்று மறைமுகமானது. அது வாயுவை அளப்பதில்லை, பொறியையே அளவுகோலாக்குகிறது. ஒரு குறித்த மின்திறனைத் தர, செறிந்த கலவையானால் சிறிதளவு போதும். மெலிந்த கலவையானால் கூடுதல் அளவு, அதாவது உள்ளிழு குழாயில் கூடுதல் அழுத்தம் தேவை. ஆகவே திறன், கலவையின் அழுத்தம், அதன் வெப்பநிலை ஆகிய மூன்றையும் அறிந்தால் கலவை எவ்வளவு மெலிந்துள்ளது என்பதைக் கணிக்கலாம். மீத்தேன் குறையும்போது திறன் தளர்கிறது. திறனைக் காக்கத் தடுக்கிதழ் மேலும் திறக்கிறது. அழுத்தம் தன் வரைகோட்டிற்கு மேல் ஏறுகிறது. அதைக் கண்ட கணினி வாயுத் திறப்பைச் சற்றே பெரிதாக்கி அழுத்தத்தை மீண்டும் கோட்டிற்குக் கொண்டுவருகிறது. புகைக்குழாயின் வெப்பத்திலும் அழுக்கிலும் நாளடைவில் கெட்டுப்போகும் ஆக்சிசன் உணரியை நம்பாமல் இது நிகழ்வது சிறப்பு.

வாயுவின் அளவு குறைவதற்கு விடை எளிது. வாயுக்கூண்டின் மட்டத்தை உணரி அளக்க, அம்மட்டத்திற்கு ஏற்பப் பொறியின் திறன் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். கூண்டு நிரம்பினால் மிகுதி வாயு தீப்பந்தத்தில் எரிக்கப்படும். மீத்தேனை எரிக்காமல் காற்றில் விடுவது தவறு. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது.

இடிப்பும் எரியாமையும்

தீப்பொறிச் சுடர் சென்றடையும் முன் உருளையின் ஓரத்தில் உள்ள கலவை தானே வெடித்து எரிவது இடிப்பு எனப்படும். இது சில நிமிடங்களிலேயே பிஸ்டனை உருக்கிவிடக்கூடும். ஒவ்வோர் உருளைத் தலையிலும் உள்ள அதிர்வு உணரி இதைக் கேட்கிறது. இடிப்புத் தொடங்கினால் கணினி அவ்வுருளையின் எரிபற்று நேரத்தைச் சில பாகை பின்தள்ளும்; அடங்காவிடில் திறனைக் குறைக்கும்; பின்னும் நீடித்தால் பொறியை நிறுத்தும். கரியமில வாயு இடிப்பை அடக்குவதால் உயிரி எரிவாயுவுக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு. தூய மீத்தேனின் மீத்தேன் எண் 100. உயிரி எரிவாயுவிற்கு அது 130 அளவில் இருக்கும்.

எரியாமை இதன் மறுபக்கம். ஓர் உருளையில் தீப் பற்றாவிட்டால் அதன் புகை வெப்பநிலை மற்றவற்றைவிடத் தாழும். வெப்ப இரட்டை உணரி இதைக் காட்டிவிடும். எரியாத வாயு சூடான புகைக்குழாயில் சேர்ந்து வெடிப்பதே இதன் பேராபத்து. பெரிய பொறிகளின் புகைக்குழாய்களில் கிழிதகடுகள் வைப்பது இதற்காகவே.

கந்தகம்

உயிரி எரிவாயுவில் உள்ள ஐதரசன் சல்பைடு எரியும்போது கந்தக டை ஆக்சைடாகி, ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகித் தாங்கிகளை அரிக்கிறது. எனவே நீர்ச்சட்டையின் வெப்பநிலை தாழாமல் காப்பதும், மசகெண்ணெயின் காரத்தன்மையை அவ்வப்போது சோதிப்பதும் தேவை. பொறியைவிட ஆட்களுக்கே இவ்வாயு கொடியது. காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் மூக்கும் மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணிக் குழிக்குள் இறங்குவது உயிரைப் பறிக்கும். இவ்வாயு காற்றைவிடக் கனமானதால் அதன் உணரி தரையருகே இருத்தல் வேண்டும். மீத்தேன் இலேசானதால் அதன் உணரி கூரையருகே.

மின்வலையுடன் இணைதல்

மின்னாக்கியை மின்வலையுடன் இணைக்கும் முன் இரண்டின் மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாத கணத்தில் இணைத்தால் தண்டு முறுகும். 2007 இல் அமெரிக்காவின் ஐடகோ தேசிய ஆய்வகம் நடத்திய அரோரா சோதனையில், மின்சுற்றுத் துண்டிப்பானைக் கணினி வழியே தவறான கணங்களில் திறந்து மூடியே ஒரு டீசல் மின்னாக்கியைப் புகையக் குலுக்கிக் கெடுத்துக் காட்டினர். தொலைவில் இருந்து பொறியைப் பார்க்கும் வசதி தருவோர், தொலைவில் இருந்து இயக்கும் வசதியையும் எண்ணாமல் தந்துவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

மின்வாரியத்தின் வழங்கல் நின்றதும் ஆலை மின்னாக்கி தொடர்ந்து வெளிக்கம்பிக்கு மின்சாரம் அனுப்பினால், மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறிய பணியாளர் இறக்க நேரிடும். அதிர்வெண் மாறும் விரைவைக் கண்டு உடனே பிரித்துவிடும் ரிலே இதற்காகவே உள்ளது. அதைச் சரிபாராமல் ஓட்டுவது குற்றத்திற்கு ஒப்பானது.

பாதுகாப்புச் சுற்று

கட்டுப்பாடும் பாதுகாப்பும் வெவ்வேறு. நிரல்படு தருக்கக் கட்டுப்பாட்டி எனப்படும் பிஎல்சி பொறியை நடத்தலாம். ஆனால் மிகுவேகம், எண்ணெய் அழுத்தக் குறைவு, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை மென்பொருளை நம்பாமல் நேர்க்கம்பியால் வாயுத் திறப்பை மூட வேண்டும். மிகுவேக வரம்பு பெரும்பாலும் இயல்பு வேகத்தைவிட 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாக அமைக்கப்படும். வாயுக்குழாயில் இரு மின்காந்த அடைப்பிதழ்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று சிக்கிக்கொண்டாலும் மற்றொன்று மூடும். ஒவ்வொரு தொடக்கத்திற்கும் முன் இரண்டிற்கும் இடையில் கசிவு உண்டா எனக் கருவி சோதிக்கும்.

வணரி அறையில் சூடான தாங்கியில் இருந்து எழும் எண்ணெய்ப் பனியும் வெடிக்கும். 1947 செப்டம்பரில் ரெய்னா டெல் பசிபிக்கோ என்னும் கப்பலின் டீசல் பொறிகளில் நேர்ந்த இத்தகைய வெடிப்பில் 28 பேர் இறந்தனர். பெரும் பொறிகளில் எண்ணெய்ப் பனி உணரியும் வெடிப்புத் தணிப்புக் கதவுகளும் பரவியதற்கு அவ்விபத்தின் விசாரணை முக்கியக் காரணம்.

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் குறை உணரி இன்மை அன்று. உணரி அடிக்கடி பொய் எச்சரிக்கை தருகிறது என்று இயக்குநர் அதன் கம்பியைத் துண்டித்து, இரு முனைகளையும் குறுக்கிணைத்து வைப்பதே. தரமான முறைமைகள் இதைக் கண்டறிய, சுற்றின் முடிவில் ஒரு மின்தடையை வைத்து, கம்பி அறுந்ததையும் குறுக்கிணைந்ததையும் தனித்தனியே காட்டி, நேரத்துடன் பதிவும் செய்துவிடுகின்றன.