வெள்ளானூரில் 'ஊர்' எங்கே தொடங்குகிறது?

ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூரின் பெயர் 'ஊர்' என்று முடிகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பெயர்ப் பலகையில் அந்த 'ஊ' இருக்காது. முன்னால் நின்ற 'ன்' என்ற மெய்யின்மேல் ஏறி அது 'னூ' ஆகிவிட்டது. முதற்சொல் முடிவதும் அடுத்த சொல் தொடங்குவதும் அந்த ஒரே எழுத்துக்குள் நடந்துவிடுகின்றன. கத்தி வைத்துப் பிரிக்க இடமில்லை.

கொரட்டூர், அம்பத்தூர் எல்லாம் இதே வழிதான். கிழக்கே இருக்கும் செங்குன்றம் இன்னும் கொஞ்சம் வேலை வாங்கும். செம்மை, குன்றம் என்ற இரண்டும் சேரும்போது 'மை' போய்விடுகிறது. மிஞ்சிய 'செம்' என்பதில் 'ம்' உதடு மூடிப் பிறப்பது. அடுத்து வரும் 'க்' அடிநாக்கில் பிறப்பது. உதட்டிலிருந்து அடிநாக்குக்குத் தாவுவதைவிட, 'க்' பிறக்கும் இடத்திலேயே பிறக்கும் 'ங்' நாக்குக்கு எளிது. அதனால் செங்குன்றம். ஈறுபோதல், முன்னின்ற மெய் திரிதல் என்று நன்னூல் இந்த இரண்டு மாற்றங்களுக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது.

இப்படிச் சொற்கள் நடுவே ஏதோ ஒன்று மறைந்து சேர்வதே தொகை. வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என்று தொல்காப்பியமும் நன்னூலும் அதை ஆறாகப் பிரிக்கின்றன. எது மறைந்தது என்பதைப் பொறுத்தே நடுவில் வல்லெழுத்து மிகுவதும் மிகாததும். ஊறுகாய் வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்ற மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன, வல்லெழுத்து மிகாது. 'ஊறுக்காய்' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. இலக்கணம் படிக்காத நாக்கும் இங்கே தவறுவதில்லை.

கடைப் பலகைகளில்தான் தவறு நிறைய. தயிர் விற்கும் இடம் 'தயிர்க் கடை'. நடுவில் 'ஐ', 'விற்கும்' இரண்டும் மறைந்திருக்கின்றன. அந்த மறைவுக்கு அடையாளமாக நிற்பது 'க்'. அதை விட்டு 'தயிர் கடை' என்று எழுதினால், மத்தை எடுத்துத் தயிரைக் கடையச் சொல்லும் ஏவலாகிவிடுகிறது. புள்ளி வைத்த ஓர் எழுத்து பெயரையும் வினையையும் பிரித்துக் காட்டுகிறது. அழகுக்காக எழுதுவதல்ல அது. அதை உதறுவது பொருளையே உதறுவது.

நீண்ட பெயர்களில் இந்த எழுத்தின் அருமை கூடும். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடி ஆலைக்குத் தமிழில் கனரக ஊர்தித் தொழிற்சாலை என்று பெயர். தொழில், சாலை இரண்டும் 'ல்' 'ற்' ஆகத் திரிந்து ஒரே சொல்லாகிவிட்டன. 'ஊர்தி' மட்டும் சற்றுத் தள்ளி நிற்கிறது. ஆனால் அதன் வாலில் ஒட்டிய 'த்' அடுத்த சொல்லைக் கைப்பிடித்துக் கொண்டிருக்கிறது.

டேனிஷ் மொழி அப்படி இடைவெளி விடுவதில்லை. சிறப்பு மருத்துவர் தொழில் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்று பொருள்படும் ஒரு டேனிஷ் சொல்லில் 51 எழுத்துகள். எல்லாம் ஒரே மூச்சில் சேர்த்தே எழுதப்படும். அங்கேயும் ஓர் இணைப்பெழுத்து உண்டு. மதுவுக்கான கோப்பை 'வீன்க்ளாஸ்'. சிவப்பு மதுவுக்கான கோப்பையோ 'ரோத்வீன்ஸ்க்ளாஸ்'. முதற்பகுதியே கூட்டுச்சொல்லாக இருப்பதால் நடுவில் ஒரு 'ஸ்' வந்து, பெரிய மூட்டு இங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் டேனிஷ்காரர்கள் சொல்லின் மூட்டில் உடைத்துச் சிறு கோடு போடுவார்கள்.

தமிழில் அசை பிரிப்பது மூட்டைப் பார்ப்பதில்லை. ஓசையை மட்டுமே பார்க்கிறது. வெள்/ளா/னூர்: மூன்றும் நேரசை, வாய்பாடு தேமாங்காய். செங்/குன்/றம், அம்/பத்/தூர் இரண்டும் தேமாங்காயே. ஆ/வடி கூவிளம். கொரட்/டூர் புளிமா. பூந்/தமல்/லி கூவிளங்காய். வெள்ளானூரில் 'ன்' முதற்சொல்லுக்குச் சொந்தம். அசையிலோ அது 'ஊர்' பக்கம் போய்விட்டது. செய்யுளில் பொருளைப் பாராமல் சீருக்காகச் சொல்லை உடைப்பதை வகையுளி என்று யாப்பிலக்கணம் பெயரிட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அச்சிலும் அப்படித்தான்: புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பதைத் தவிரப் பெரிய தடை இல்லை. 'வெள்ளா' ஒரு வரியிலும் 'னூர்' அடுத்த வரியிலும் வந்தால் யாரும் திகைப்பதில்லை, கோடும் தேவையில்லை.

ஓசை இன்னும் ஓங்கினால் மூட்டே கரைந்துபோகும். திருநின்றவூரில் 'நின்ற' என்ற பெயரெச்சம் வெளிப்படையாக நிற்கிறது. அதையும் 'ஊர்' என்பதையும் சேர்க்க 'வ்' வந்து உடம்படுமெய்யாகிறது. திரு/நின்/றவூர் என்று மூன்று அசை. ரயில் நிலையப் பலகையில் இன்றும் இந்த முழுப்பெயர்தான். ஆனால் சுற்று வட்டாரத்து ஆட்களின் பேச்சில் அது 'தின்னனூர்'. தின்/னனூர்: இரண்டே அசை. 'திரு'வும் 'நின்ற'வும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. 'ஊர்' மட்டும் தப்பித்து, வெள்ளானூரில் போலவே 'னூ' என்ற எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.