கேம் கன்சோலில் எத்தனை வகை விளையாட்டு?

கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது, "இதில் எத்தனை கேம் இருக்கிறது?" என்பதுதான். விளையாட்டிலேயே ஊறியவர்கள் "எத்தனை வகை இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஓட்டப் பந்தயம், சண்டை, துப்பாக்கிச் சுடுதல், புதிர், கதையோடு நீளும் ரோல்-பிளேயிங் என ஒவ்வொரு வகைக்கும் தனி ரசிகர்கள் உண்டு. ஒரு கன்சோலில் எந்த வகை செழிக்கும், எது வாடும் என்பதைப் பெரும்பாலும் அதன் வன்பொருளே தீர்மானித்துவிடுகிறது. இதற்குச் சரியான உதாரணம், ஜப்பானில் 1996 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ 64.

சோனியின் பிளேஸ்டேஷன் அப்போது சிடியில் இயங்கிக்கொண்டிருந்தது. நின்டெண்டோவோ கேட்ரிட்ஜையே தொடர்ந்தது. கேட்ரிட்ஜைச் செருகியதும் விளையாட்டு உடனே தொடங்கும். சிடியைப் போலக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சிடியில் சுமார் 650 மெகாபைட் கொள்ளும். நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கேட்ரிட்ஜிலேயே 64 மெகாபைட்தான். தயாரிப்புச் செலவும் சிடியைவிடப் பல மடங்கு அதிகம்.

இதில் முதலில் அடிபட்டது ரோல்-பிளேயிங். அதுவரை நின்டெண்டோ கருவிகளிலேயே வளர்ந்த ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் ஏழாம் பாகம் 1997-இல் பிளேஸ்டேஷனுக்குப் போனது. வீடியோக் காட்சிகளும் தீட்டிவைத்த பின்னணிப் படங்களும் நிறைந்த அந்த ஒரே விளையாட்டுக்கு மூன்று சிடிகள் தேவைப்பட்டன. டிராகன் குவெஸ்ட் தொடரும் பின்னாலேயே போய்விட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகள் நின்டெண்டோ 64-க்கு வரவே இல்லை. கேட்ரிட்ஜில் முதலீடு அதிகம் என்பதால், விற்குமா விற்காதா என்று தெரியாத புதுமைகளைச் செய்துபார்க்கச் சிறிய நிறுவனங்கள் தயங்கின. பாட்டின் தாளத்துக்கேற்ப பொத்தானை அழுத்தும் பாராப்பா த ராப்பர் போன்ற முயற்சிகள் பிளேஸ்டேஷனில் பிறந்ததற்கு, சிடியின் மலிவும் இசைக்கு அது தந்த இடமும் உதவின.

ஆனால் அதே வன்பொருள் வேறு வகைகளை வளர்த்தது. கன்ட்ரோலரின் நடுவே இருந்த அனலாக் ஸ்டிக்கைக் கவனியுங்கள். சூப்பர் மரியோ 64-இல் அதை லேசாகத் தள்ளினால் மரியோ நுனிக்காலில் பதுங்கிச் செல்வான். இன்னும் கொஞ்சம் தள்ளினால் நடப்பான். முழுதாகத் தள்ளினால் ஓடுவான். ஸ்டிக்கைத் தள்ளும் அளவே வேகமாக மாறியதால், முப்பரிமாண வெளியில் ஓடித் தாவும் விளையாட்டுக்குப் புதிய இலக்கணம் கிடைத்தது. அந்த வழியில் வந்ததுதான் 1998-இன் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்.

கன்சோலின் முகப்பில் நான்கு கன்ட்ரோலர்களுக்கு இடம் இருந்தது, பிளேஸ்டேஷனில் இரண்டுதான். திரையை நான்காகப் பிரித்து நால்வர் சேர்ந்து ஆடும் மரியோ கார்ட் 64-உம் கோல்டன்ஐ 007-உம் அதனால்தான் இங்கே வேரூன்றின. வழக்கமான சண்டை விளையாட்டுகள் குறைந்த இடத்தில், நால்வர் மோதும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் 1999-இல் புதுப் பாதை போட்டது.

கேட்ரிட்ஜின் கொள்ளளவு என்ற தடைச்சுவரையும் பொறியாளர்கள் உடைத்துப் பார்த்தார்கள். இரண்டு சிடிகளில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2, 1999-இல் வீடியோக்கள் கடுமையாகச் சுருக்கப்பட்டு 64 மெகாபைட் கேட்ரிட்ஜுக்குள் அடங்கியது. அசாத்தியமான உழைப்பு அது. ஆனால் எல்லா விளையாட்டுக்கும் அப்படி உழைக்க யாரால் முடியும்?

ஆக, நின்டெண்டோ 64 தீவிர ஆட்டக்காரருக்குப் போதுமா? நண்பர்களோடு ஆடுபவருக்கும், முப்பரிமாண சாகசம் விரும்புபவருக்கும் அது தாராளமாகப் போதும். ரோல்-பிளேயிங்கே உயிர் என்பவருக்குப் போதாது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றபோது இது 3.3 கோடியைத் தொடாமல் நின்றதற்கு இந்த இடைவெளியும் ஒரு முக்கியக் காரணம்.

இன்றைக்குக் கன்சோல் தேர்ந்தெடுப்பவரும் இதே கணக்கைப் போடலாம். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, நீங்கள் விரும்பும் வகையில் மனதுக்குப் பிடித்த ஐந்து விளையாட்டாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால், மற்ற வகைகளில் ஆயிரம் இருந்தாலும் அது உங்களுக்கான கன்சோல் இல்லை.