லிட்டரை விட்டுவிட்டு கிலோவைப் பாருங்கள்!

சிலிம் ரிவரில் இ.டி.எஸ். ரயில், கே.எல். சென்ட்ரலில் பேருந்து, கே.எல்.ஐ.ஏ. 2-ஆம் முனையத்தில் கோத்தா கினபாலு விமானம். ஒவ்வொரு தவணையும் என் பயணம் இப்படித்தான். பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டினால், அம்மா தரும் கைச்செலவுப் பணம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அதனால் விமானத்துக்குள் எடுத்துச் செல்லும் முதுகுப் பை ஒன்றே போதும் என்று முடிவெடுத்தேன்.

ஏர் ஏசியாவில் பெரிய பையின் அளவு 56 x 36 x 23 செ.மீ. வரை இருக்கலாம். கணக்கிட்டால் சுமார் 46 லிட்டர். தைரியமாக 40 லிட்டர் பை வாங்கினேன். ஆனால், அந்தப் பையும் கூடவே கொண்டுபோகும் சிறு பையும் சேர்ந்து 7 கிலோவைத் தாண்டக்கூடாது. வீட்டுத் தராசில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. காலிப் பையே 2 கிலோ! மடிக்கணினியும் சார்ஜரும் இன்னொரு 2 கிலோ. துணிமணி, புத்தகம், அம்மா சுட்ட முறுக்கு எல்லாம் மீதி 3 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

நண்பர்களே, பை வாங்கும்போது முதலில் அதன் வெறும் எடையைக் கேளுங்கள். ஒரு கிலோ அளவில் இருந்தால் நல்லது. பெட்டிபோல் முழுதாகத் திறக்கிறதா, இடுப்பு வார் இருக்கிறதா என்றும் பாருங்கள். கனமான ஜீன்ஸையும் காலணியையும் அணிந்துகொண்டே விமானம் ஏறுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் மணி; 100 என்ற வரம்புக்குள் அடங்கும்.

அப்புறம், புறப்படும் முன் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமான நிலையத் தராசுக்கு முறுக்கின் அருமை தெரியாது!