எல்லோருக்கும் எட்டும் எழுத்து

வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. பல இணையதளங்களில் இப்போது இதுதான் நாகரிகம். உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனில் படிப்பவருக்கும், கண்புரை தொடங்கிவிட்ட முதியவருக்கும் அந்த வரிகள் இருப்பதே தெரியாது.

இது ரசனை சார்ந்த விஷயமல்ல, கணக்குப் போட்டுச் சொல்லலாம். எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதமே மாறுபாடு. வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. இரண்டும் ஒரே நிறமானால் 1:1. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகுதன்மை நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்கின்றன. வெள்ளையின்மேல் #767676 என்ற சாம்பல் நிறம் இதில் மயிரிழையில் தேறும். #999999 தேறாது. எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்பதும் அந்த நெறிமுறைகளில் உண்டு.

தமிழுக்கு வரி இடைவெளியும் முக்கியம். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் நீளும் எழுத்து நம்முடையது. ஆங்கிலத்துக்கு அமைத்த நெருக்கமான வரிகளில் அதைத் திணித்தால், மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வரி உயரம் கொடுத்தால் கண் தடுமாறாது.

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகப் படிக்கிறார்கள். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். மூன்றும் தமிழ் பேசும். திரையில் தெரியும் உருவத்தை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துக் குறிகளையே இவை எடுத்து வாசிக்கின்றன. நம் பக்கங்கள் பலவும் தோற்பது இங்கேதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளை உளறுமே தவிர, அம்மா என்று ஒருபோதும் சொல்லாது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறிகள் கொண்ட யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தயாரான பிடிஎஃப் கோப்புகள் இணையத்தில் ஏறிக்கொண்டேயிருக்கின்றன.

அதைவிட மோசம், அறிவிப்பையே படமாகப் போடுவது. தேர்வுத் தேதி, உதவித்தொகை விவரம், மருத்துவ முகாம் நடக்கும் இடம் எல்லாம் வண்ணப் பதாகைக்குள் அடைபட்டுக் கிடக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி சில கருவிகளில் வந்திருக்கிறது. ஆனால் ஒரு தேதியை மாற்றி வாசித்தால் போதும், ஒரு மாணவரின் விண்ணப்பம் போய்விடும். படம் வேண்டுமானால் இருக்கட்டும். அதே செய்தி அதன் கீழே எழுத்தாகவும் இருக்க வேண்டும். இது தமிழ்ப் பக்கம் என்று நிரலில் ஒரு சிறு குறிப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் தமிழை வாசிக்க ஆங்கிலக் குரல் வந்து நிற்கும், பல நேரம் வரிகளையே தாண்டிப் போய்விடும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. உங்கள் பள்ளிக்கோ சங்கத்துக்கோ கடைக்கோ இணையதளம் இருந்தால், போனில் டாக்பேக்கை இயக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல் ஓர் அறிவிப்பை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். குரல் தடுக்கி நிற்கும் இடங்களைக் குறித்துவைத்து, தளத்தைப் பராமரிப்பவரிடம் இந்த வாரமே திருத்தச் சொல்லுங்கள்.